செத்தே என்றால் ஏழு

1

பிள்ளைகளே,

செஞ்சியில் நீங்கள் நடத்தும் கையெழுத்துப் பத்திரிகைக்கு நானும் எழுதித் தர வேண்டுமாம். உங்களோடு எட்டாவது படிக்கிற தேவி என் தங்கை மகள். அவள்தான் ஃபோனில் பேசி அனுப்பியிருந்தாள்.

"மாமா, இத்தாலில பனி உழுமாமே, அதப் பத்தி எழுது. பீட்சா பத்தியும் எழுது. ரொம்ப நீட்டாத, பக்கம் கம்மியா இருக்குது."

பனியை நீங்கள் ஃபோனிலேயே பார்த்திருப்பீர்கள். பீட்சா இப்போது செஞ்சியிலேயே கிடைக்கிறது என்று தேவியே சொல்லியிருக்கிறாள். அதனால் உங்களுக்குத் தெரியாத ஒன்றை எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்குள் ஒரு 'த்' நுழைந்து செய்த அட்டகாசம். ஒரே ஒரு த். எனக்கும் என் மகளுக்கும் நடுவில் வந்து உட்காரப் பார்த்தது.

என் பெயர் மணிவண்ணன். பத்தாவது வரைக்கும்தான் படிப்பு. பிறகு திண்டிவனம் ரோட்டில் ஒரு பட்டறையில் கருங்கல்லுக்குப் பாலிஷ் போடக் கற்றுக்கொண்டேன். நம் பக்கத்துக் கல் கப்பலேறி இத்தாலிக்குப் போகிறது. கல் போன வழியிலேயே நானும் போய்ச் சேர்ந்தேன். வெரோனாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர், அதே பாலிஷ் வேலை. சில வருஷம் கழித்து என் மனைவி சாந்தியும் மகள் வள்ளியும் வந்தார்கள். சாந்தி ஒரு ஓட்டலில் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்க்கும் வேலை பார்க்கிறாள். வள்ளி இரண்டாம் வகுப்பு.

இத்தாலிப் பட்டறையில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் எண்கள். கிரேன் ஓட்டுகிற ரென்ஸோ பலகைக் கற்களை எண்ணிக்கொண்டே இறக்குவார். ஊனோ, தூவே, த்ரே, குவாத்ரோ, சிங்க்வே என்று ஐந்து வரைக்கும் ஒன்றும் இல்லை. ஆறாவது கல் இறங்கும்போது "செய்" என்றார். என்னடா செய்வது என்று நான் ஓடிப் போய்ப் பக்கத்தில் நின்றேன். ஏழாவது கல் என் காலருகில் இறங்கியது. "செத்தே!" என்றார்.

நான் துள்ளிக் குதித்து ஓடியதை ரென்ஸோ இன்றைக்கும் எல்லாருக்கும் நடித்துக் காட்டுகிறார். செய் என்றால் ஆறு. செத்தே என்றால் ஏழு. வேறு ஒன்றும் இல்லை.

2

இப்போது அந்தத் 'த்'துக்கு வருகிறேன்.

இத்தாலியில் தாகத்துக்கும் கிட்டத்தட்ட அதே சொல்தான். எழுதும்போது ஏழுக்கு இரண்டு த் போடுவார்கள். தாகத்துக்கு ஒரு த். ஆனால் அந்த ஒரு த்தும் தண்ணியில் வருகிற த் மாதிரி அழுத்தமாக ஒலிக்கும். நம் தமிழில் என்ன ஆகும்? த் முதலில் வந்தால் அழுத்தம்: தண்ணி, தட்டு. நடுவில் தனியாக வந்தால் மெத்தென்று ஆகிவிடும்: இது, பாதை, விதை. நடுவிலும் அழுத்தம் வேண்டுமென்றால் இரட்டித்தே ஆக வேண்டும்: பத்து, கத்தி, வாத்து. நீங்களே சொல்லிப் பாருங்கள். க், ப் இரண்டுக்கும் இதே கதைதான்.

நான் இத்தாலியப் பாஷையைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு படித்தவன். தாகத்தைச் 'சேதே' என்று எழுதினால் என் வாய் அதைச் சேதம், சேதி மாதிரி மெத்தென்று படித்தது. சரி, அழுத்தமாக வரட்டும் என்று 'செத்தே' என்றே எழுதிக்கொண்டேன். ஒரு வெயில் நாளில் ரென்ஸோவிடம் எனக்குத் தாகமாக இருக்கிறது என்று சொன்னேன். சொன்னதாக நினைத்தேன்.

"உனக்கு ஏழு இருக்குதா?" என்றார். (அவர் பேச்சை நம் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன், உங்களுக்குப் புரியணுமே.) "ஏழு இன்னாப்பா? ஆடா, பிள்ளையா?"

ரென்ஸோவுக்கு இது சிரிப்பு. எனக்கும் சிரிப்பு. வள்ளிக்குத்தான் அது வினையாக வந்தது.

எனக்கு வேலை காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து இரண்டு மணிக்கு முடியும். வள்ளிக்குப் பள்ளி நான்கு மணிக்கு விடும். சாந்தி மூன்று மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவாள். பள்ளி விட்டதிலிருந்து சமைக்கிற வரைக்கும் இருக்கும் அந்த நேரம் எனக்கும் வள்ளிக்கும் மட்டும். இரண்டு பேரும் சமையல்கட்டு மேசையில் உட்கார்ந்து அவளுடைய வாசிப்புப் புத்தகத்தைத் திறப்போம். ஒவ்வொரு வரிக்கும் கீழே அந்த இத்தாலியன் ஒலியையே நான் பென்சிலால் தமிழ் எழுத்தில் எழுதியிருப்பேன். ஒரு வரி நான், ஒரு வரி அவள். நரி வந்தால் நான் நரி மாதிரி படிப்பேன், அவள் கோழி மாதிரி கத்துவாள். நாள் முழுக்கக் கல்லோடு கிடக்கிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

போன மாதம் பள்ளியிலிருந்து அவளுடைய டீச்சர் கூப்பிட்டார். இளம்வயசுப் பெண், நல்ல பெண். வள்ளியின் டிக்டேஷன் தாளை என் முன்னால் வைத்தார். சேர்த்து எழுதிய கையெழுத்து, எனக்குப் படிக்க வரவில்லை. வள்ளியே படித்துத் தமிழில் சொன்னாள்.

"நைனா, டீச்சர் சொன்னது, 'அந்தப் பொண்ணுக்குத் தாகம். அவ தலைமுடிய வாருறா.' நான் எழுதனது, 'அந்தப் பொண்ணுக்கு ஏழு. அவ தொப்பிங்கள வாருறா.'"

கப்பெல்லி என்றால் தொப்பிகள். தலைமுடிக்கும் அதே சொல்தான், ஒரு ப் குறைவு. அந்த ஒரு ப்பை மெத்தென்று சொல்லாமல் இருக்க நான் இரட்டித்து எழுதியிருந்தேன். அவள் காதில் விழுந்தது என் வாய். கை எழுதியதும் அதைத்தான்.

நான் சிரித்துவிட்டேன். டீச்சரும் சிரித்தார். பிறகு மெதுவாக, நீளமாக என்னவோ சொன்னார். நான் வள்ளியைப் பார்த்தேன்.

"இன்னாம்மா சொல்றாங்க?"

"நைனா நல்லா படிக்கிறாராம்."

"அவ்ளோ நேரமா அதயா சொன்னாங்க?"

"...ஆனா நீ படிச்சா எனக்குத் தப்பா வருதாம். பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஆறு மணி வரிக்கும் அங்கயே ஒரு டியூஷன் இருக்குதாம். அங்க படிச்சா நல்லதாம். அடுத்த டிக்டேஷன் பாத்துட்டுச் சொல்றாங்களாம்."

ஆறு மணி வரைக்கும் என்றால் எங்கள் நேரம் போச்சு. டீச்சர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அப்பன் பக்கத்தில் உட்கார்ந்தால் பிள்ளைக்குக் கெடுதல் என்றால், யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

வீட்டுக்கு நடந்து வரும்போது வள்ளி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நைனா, டென்ஷன் ஆவாத" என்றாள்.

3

எழுத்து ஒரு தொல்லை என்றால் அழுத்தம் இன்னொரு தொல்லை.

நாம் ஒரு சொல்லை எடுத்தால் முதலிலேயே ஓங்கி அடித்துவிட்டு, பிறகு இறங்கிக்கொண்டே போவோம். இத்தாலிக்காரர்கள் பெரும்பாலும் கடைசிக்கு முந்தின இடத்தில் ஓங்குவார்கள். அதைச் சமதளச் சொல் என்கிறார்கள். கடைசியிலேயே ஓங்கினால் அது வெட்டுச் சொல். கடைசியிலிருந்து மூன்றாவதில் ஓங்கினால் அதற்குப் பெயர் சறுக்குச் சொல். டெலிஃபோனைத் தெ-லே-ஃபோனோ என்பார்கள். 'லே'யில் ஏறி நின்றால் மிச்சம் தானாகச் சறுக்கிக்கொண்டு வரும், மழை பெய்த மறுநாள் நம் ராஜகிரி மலையில் இறங்குகிற மாதிரி. எந்தச் சொல் எந்த வகை என்று எழுத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. வெட்டுச் சொல்லுக்கு மட்டும் தலையில் ஒரு சின்னக் கோடு போட்டு வைத்திருப்பார்கள். மற்றதெல்லாம் விழுந்து எழுந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்பாவுக்கு இங்கே 'ப-பா' என்று சொல்வார்கள், நடுவில் ஒரே ப்தான். கடைசியில் ஓங்க வேண்டும். முதலில் ஓங்கிவிட்டால் அது கிறிஸ்தவர்களின் பெரிய குரு. கூடவே ப்பை இரட்டித்தும் விட்டால், பல் முளைக்காத குழந்தைக்கு ஊட்டுகிற கூழ். நான் பள்ளி வாசலில் நின்று என் மகளைப் "பாப்பா!" என்று கூப்பிடுவேன். ஒரு பையன் வள்ளியிடம் கேட்டானாம், "உங்க அப்பா எதுக்கு உன்னக் கூழுன்னு கூப்புட்றாரு?" வள்ளி அசரவில்லை. "எங்க ஊர்ல அப்படித்தான். சில நாள் என்னை அம்மான்னும் கூப்புடுவாரு" என்றாளாம். அந்தப் பையன் இன்னும் குழம்பிப் போனான்.

ஒருமுறை இங்கே தங்குவதற்கான அட்டையைப் புதுப்பிக்கப் போயிருந்தோம். பெரிய கூடம், நிறைய நாற்காலி. டோக்கன் மெஷின் வேலை செய்யவில்லை. உள்ளேயிருந்து ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டார்கள். "மனி-வாஆன்-னன்" என்று யாரையோ இரண்டு மூன்று முறை கூப்பிட்டார்கள். பாவம், எந்த நாட்டுக்காரனோ, கவனிக்காமல் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு நானும் சுற்றிலும் தேடினேன்.

சாந்தி என் முழங்கையில் இடித்தாள். "யோவ், அது நீதான்யா!"

"நானா? என் பேரு மணிவண்ணன்."

"அதத்தான் அந்தம்மா நடுவுல ஏறி நின்னு சொல்லுது. எழுந்திரு, கதவ சாத்திடப் போறாங்க."

அழுத்தம் இடம் மாறினால் சொந்தப் பெயரே வேறு ஒருத்தன் பெயராகிவிடுகிறது பாருங்கள்.

சுருக்கமாக மணி என்று சொன்னாலும் வம்புதான். இங்கே மானி என்றால் கைகள். வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளியிடம் "நான் மணி" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் என் இரண்டு கையையும் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லது, எங்களுக்கு வேண்டியதும் அதுதான்" என்றார்.

4

இவ்வளவு சொன்னேன் என்று அந்தப் பாஷை கஷ்டம் என்று நினைக்காதீர்கள். அதில் பெரிய வேடிக்கை ஒன்று இருக்கிறது: வால்.

பூனைக்கு இங்கே கத்தோ. இனோ என்ற வாலை ஒட்டினால் கத்தினோ, பூனைக்குட்டி. ஓனே என்ற வாலை ஒட்டினால் கத்தோனே, தடிப்பூனை. ஆச்சோ என்று ஒட்டினால் கத்தாச்சோ, திருட்டுப் பூனை. ஒரே பூனை, வாலை மாற்ற மாற்ற வளரும், சுருங்கும், கெட்டுப்போகும். இந்த மூன்று வாலைக் கற்றுக்கொண்ட பிறகு நான் கண்ணில் பட்டதற்கெல்லாம் ஒட்டிக்கொண்டு திரிந்தேன். ரென்ஸோவுக்கே ரென்ஸோனே என்று பெயர் வைத்தேன். அவர் வயிற்றுக்கு அது பொருத்தம்.

ஆனால் சில வால்கள் வாலே இல்லை. மத்தோ என்றால் பைத்தியம். ஒரு நாள் முதலாளி, "இரண்டு மத்தோனே கொண்டு வாங்க" என்று கத்தினார். பெரிய பைத்தியம் இரண்டு வேண்டுமாம்! நான் ரென்ஸோவைக் கையோடு இழுத்துக்கொண்டு போய் முதலாளி முன்னால் நின்றேன்.

"எங்கப்பா?" என்றார் முதலாளி.

"நாங்கதான்" என்றேன்.

மத்தோனே என்றால் செங்கல். பைத்தியத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. அன்றைக்கு ரென்ஸோ கிரேன் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதே மாதிரி ஃபோக்கா என்றால் கடல்நாய். ஃபோக்காச்சா கெட்ட கடல்நாய் இல்லை. எண்ணெய் தடவிச் சுட்ட ரொட்டி, ரொம்ப ருசி.

இந்தத் தப்பைப் பார்த்து நாம் சிரிக்கக் கூடாது. நம் வீட்டுப் பெருங்காயம் பெரிய காயமா என்ன? ரென்ஸோவுக்கு இதை விளக்கிச் சொன்னேன். சாம்பாரில் போடுவது 'பெரிய காயம்' என்று கேட்டதும் அன்று நான் கொடுத்த சோற்றை அவர் ரொம்ப ஜாக்கிரதையாகத்தான் சாப்பிட்டார்.

டீச்சர் கூப்பிட்டுச் சொன்னதை மறுநாள் ரென்ஸோவிடம் சொன்னேன்.

"நான் ரெட்டிச்சு ரெட்டிச்சுச் சொல்றேனாம். என்னால என் பொண்ணுக்குத் தப்பு வருதாம்."

ரென்ஸோ வாய்விட்டுச் சிரித்தார். "எங்க பக்கத்துக்காரனுக்கு ரெட்டை எழுத்தே வராது, தெரியுமா? எங்க அம்மாவ நான் மம்மான்னு சொல்ல மாட்டேன், மாமாம்பேன். பூனை எனக்குக் காதோதான். சின்ன வயசுல டிக்டேஷன்ல நான் உட்டத எல்லாம் பொறுக்குனா ஒரு மூட்ட தேறும்."

"நீ உட்டதெல்லாம் எங்க போச்சுன்னு இப்ப தெரியுது" என்றேன். "நான்தான் பொறுக்கிக்கினு இருக்கறேன்."

சிரித்தோம். ஆனால் வழி ஒன்றும் கிடைக்கவில்லை. டிக்டேஷன் நாள் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் நான்கு மணிக்குப் புத்தகத்தைத் திறக்கவே எனக்கு யோசனையாக இருந்தது. "நீ படி, நான் கேக்கறேன்" என்பேன். அவள் தனியாகப் படிப்பாள். நரி வந்தது, கோழி வந்தது. ஒன்றும் கத்தவில்லை.

5

ஞாயிற்றுக்கிழமை. சாந்திக்கு லீவு, தூங்கிக்கொண்டிருந்தாள். கடையில் ஓட்டோடு வறுத்த வேர்க்கடலை கிடைத்தது, வாங்கி வந்திருந்தேன். நான் சிறுவனாக இருந்தபோது வல்லத்தில் எங்கள் மாமா கொல்லையில் விதைக்கடலை உடைக்கக் கூப்பிடுவார்கள். பல்லால் கடிக்கக் கூடாது, கல்லால் தட்டக் கூடாது. விதை நசுங்கினால் முளைக்காது. காயின் இடுப்பில் கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து, அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தில் நான் பேச்சுக் கொடுத்துக்கொண்டே உடைத்துக்கொண்டிருந்தேன்.

வள்ளிக்கு வீட்டுப்பாடம், சொல்லைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். நம் அசை பிரிக்கிற மாதிரிதான். இங்கே கை தட்டிப் பிரிக்கிறார்கள்.

"கத்... தோ" என்று தட்டினாள்.

"ஏம்மா நடுவுல நிறுத்துற? கத்தோ தான?"

"ரெட்டைப் புள்ளைங்க நைனா. ஒண்ணு இந்த ஊட்ல, இன்னொண்ணு அந்த ஊட்ல."

"அப்ப பாஸ்தா?"

"பா... ஸ்தா."

"பாஸ்... தா இல்லியா?"

"இல்ல. ஸ்ஸும் த்தும் ஃப்ரெண்டு. பிரிச்சா அழும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, தாகம்?"

"சே..." ஒரு தட்டு. "தே." இன்னொரு தட்டு.

அப்போது என் கையில் ஒரு கடலை இருந்தது. இடுப்பில் அழுத்தினேன், இரண்டாகப் போனது. ஒரு பாதி சே. ஒரு பாதி தே. அந்தத் 'தே' தனியாக உட்கார்ந்திருந்தது, தேன் மாதிரி, தேர் மாதிரி. எவ்வளவு அழுத்தமான த்! பக்கத்தில் இன்னொரு த் இல்லவே இல்லை.

பிள்ளைகளே, நான் முன்பு சொன்னதை ஞாபகம் வைத்திருப்பீர்கள். நம் வாயில் த் முதலில் வந்தால் தானாகவே அழுத்தம். நடுவில் வந்தால்தான் மெத்து. அப்படியென்றால் சொல்லை அங்கே உடைத்துவிட்டால்? ஒவ்வொரு துண்டையும் புதுச் சொல் மாதிரி ஆரம்பித்தால்? நடுவே இல்லாமல் போய்விடுமே!

"வள்ளி, இங்க பாரு. சே. தே."

அவள் தலையை நிமிர்த்தினாள். "திரும்பச் சொல்லு."

"சே. தே."

"தாகம்! நைனா, தாகம் வந்துச்சு!"

"இரு, இரு. தலைமுடி." இன்னொரு கடலையை எடுத்தேன். "க. பெல்லி." பெண்ணில் வருகிற பெ.

அவள் நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டாள். "முடி! தொப்பி போச்சு! அம்மா, நைனாவுக்குத் தொப்பி போச்சு!"

உள்ளேயிருந்து சாந்தி, "இன்னாடி கூச்சல்? யாருக்கு இன்னா போச்சு?" என்று எழுந்து வந்தாள். மேசை முழுக்கக் கடலைத் தொலி. நடுவில் நான். நாற்காலி மேல் மகள்.

பிறகு பழக வேண்டியதாக இருந்தது. வேகமாகச் சேர்த்துச் சொன்னால் இரண்டு பாதியும் பழையபடி ஒட்டிக்கொண்டு ஏழு ஆகிவிடும். உடனே வள்ளி மேசையைத் தட்டி "ஒடை!" என்று கத்துவாள். நான் உடைப்பேன். கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு பாதியையும் கிட்டே கொண்டு வந்தோம். ஒட்டவிடாமல், உரசுகிற தூரத்தில்.

புத்தகத்தில் நான் எழுதியிருந்த தமிழ் எழுத்துகளை அழித்துவிடலாம் என்று ரப்பரை எடுத்தேன். அதுதானே இத்தனைக்கும் காரணம்? வள்ளி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கு நைனா அழிக்கற? அத வெச்சித்தான் நான் தமிழ் படிக்கறேன்."

எனக்குத் தெரியாது. நான் இத்தாலியன் படிக்க எழுதிய எழுத்தை வைத்து அவள் தமிழ் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டிருந்திருக்கிறாள். ஊரிலிருந்து வரும்போது அவளுக்கு அ, ஆ கூட எழுத வராது.

"வேற இன்னா பண்றது?"

"கோடு போட்டாப் போதும்." பென்சிலை வாங்கி என் 'செத்தே'யில் நடுத் த்தை மட்டும் அடித்துவிட்டு, செ-வைச் சே ஆக்கி, நடுவில் ஒரு நிமிர்ந்த கோடு போட்டாள். சே | தே. அன்று சாயங்காலம் முழுக்க நாங்கள் கோடு போட்டோம். எந்தப் பக்கத்திலும் தமிழ் போகவில்லை. நரி திரும்ப நரியாகவே ஊளையிட்டது.

6

டிக்டேஷன் அன்றைக்கு நான் நான்கு மணிக்கு முன்னாலேயே பள்ளி வாசலில் போய் நின்றேன். ரிசல்ட் எனக்கு வருகிற மாதிரிதான் இருந்தது. மற்ற அப்பா அம்மாக்கள் வானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

டீச்சரும் வள்ளியும் சேர்ந்தே வந்தார்கள். டீச்சர் முகம் சிரித்தது. இந்தத் தடவை வள்ளி மொழிபெயர்க்கவில்லை, ஏனென்றால் டீச்சர் மெதுவாக, துண்டு துண்டாகச் சொன்னார், எனக்கே புரிந்தது. வள்ளிக்கு இரட்டை எழுத்தில் ஒரு தப்பும் இல்லை. டியூஷன் வேண்டியதில்லை. வீட்டில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

"கடலை சாப்பிட்டோம்" என்றேன். எனக்குத் தெரிந்த இத்தாலியனில் அவ்வளவுதான் வந்தது. அவர் யோசித்துக்கொண்டே போனார்.

நான் வள்ளியின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன். நடந்தோம். அவள் ஒரு கூழாங்கல்லை உதைத்துக்கொண்டே வந்தாள். சந்தோஷம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"நைனா."

"இன்னாம்மா?"

"டியூஷனுக்கு நான் போவட்டுமா?"

"அதான் வேணாம்னு சொல்லிட்டாங்களே?"

"மார்த்தா போறா. பெத்ரோ போறான். ஃபோக்காச்சா தர்றாங்களாம். படிச்சு முடிச்சுட்டுப் பந்து வெளாடலாமாம்."

எதற்காக அத்தனை கடலை உடைத்தேன்? அவளை என்னோடு வைத்துக்கொள்ளத்தானே? வைத்துக்கொண்டாயிற்று. இப்போது அவளே போகிறேன் என்கிறாள்! பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். தப்பு வருகிறது என்று யாரும் அவளை அனுப்பவில்லை. சிநேகிதி இருக்கிறாள், ரொட்டி இருக்கிறது, பந்து இருக்கிறது என்று போகிறாள். இரண்டுக்கும் எத்தனை வித்தியாசம்! செஞ்சியில் பள்ளிக்கூடம் விட்டதும் நான் மட்டும் நேராக வீட்டுக்கா போனேன்?

"எத்தினி நாளு?" என்றேன்.

"தினமும்."

"தினமும்னா நரிக்கு யாரு கோழி?"

அவள் விரல் விட்டு எண்ணினாள். "செவ்வாயும் வியாழனும் மட்டும் போறேன். மத்த நாளு நான் கோழி."

"சரி."

"நீ நல்லா பேரம் பேசுற நைனா" என்றாள். மார்க்கெட் கமிட்டியில் மூட்டை இறக்கிய வியாபாரி மாதிரி கை கொடுத்தாள்.

7

முதல் செவ்வாய்க்கிழமை. நான்கு மணிக்கு எனக்கு வேலை ஒன்றும் இல்லை. துணி மடித்தேன். அரிசி களைந்து வைத்தேன். பிறகு பால் வாங்கப் போகிற மாதிரி கிளம்பினேன். பால் வீட்டில் இருந்தது. கால் தானாகவே பள்ளிப் பக்கம் திரும்பிவிட்டது.

டியூஷன் நடப்பது தரைத்தளத்தில். நல்ல வெயில், ஜன்னல்கள் திறந்திருந்தன. வெளியே ஒரு சுண்ணாம்புச் சுவர், அதன் ஓரமாக நின்றேன். உள்ளே பார்க்கவில்லை, பார்த்தால் அவள் என்னைப் பார்த்துவிடுவாள். காது மட்டும் கொடுத்தேன்.

டீச்சர் ஒரு சொல்லைப் படித்தார். பூனை. ஒரு பையன், அநேகமாகப் பெத்ரோ, எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னான்: "காதோ." ரென்ஸோவின் பூனை! உடனே ஒரு மேசை டமாரென்று அதிர்ந்தது. என் மகள் குரல்.

"ஒடை!"

டீச்சர் என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். வகுப்பில் இது முன்பே பழகிப்போன விளையாட்டு போலிருக்கிறது. பையன் கை தட்டினான். "கத்... தோ."

"பிராவோ!" என்றார் டீச்சர். அடுத்த சொல்லைப் படித்தார். இன்னொரு பிள்ளை இரட்டை எழுத்தை விழுங்கியது. இப்போது வள்ளி மட்டும் இல்லை, வகுப்பு முழுக்க மேசையைத் தட்டிக்கொண்டு ஒரே குரலில் கத்தியது. அவர்கள் நாக்குக்கு ட வராது. "ஓதாய்! ஓதாய்!" என்றுதான் வந்தது. ஆனால் எனக்கு நன்றாகவே புரிந்தது.

அப்போது ஃபோன் அடித்தது. ஓட்டலில் டீ குடிக்கிற நேரம், சாந்தி.

"எங்கய்யா இருக்கற? ஊட்டு நம்பருக்கு அடிச்சா எடுக்க மாட்டேங்கற?"

"ஸ்கூலாண்ட."

"பாப்பா வர ஆறு மணி ஆவுமே. அது வரிக்கும் அங்க நின்னுக்கினு இன்னா பண்ற?"

"கேட்டுனு இருக்கறேன்."

"இன்னாத்த?"

"தமிழு" என்றேன்.